கிறிஸ் டேவிஸை மைதானத்தில் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கேட்டன்ஸ்வில் அப்பா

2019 ஏப்ரல் 8, திங்கள் இரவு, ஓக்லண்ட் ஆட்டம். பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் டேவிஸ் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸைப் பிடிப்பது) இல்லாமல் அவுட் ஆகிக்கொண்டே போன அந்தத் தொடர் இங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மைதானமான கேம்டன் யார்ட்ஸில் அன்று 6,585 பேர்தான். மட்டையில் பந்து படும் சத்தம் காலி இருக்கைகளில் மோதித் திரும்பி வந்தது. பத்து வயது மகளோடு ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

டேவிஸ் இடது பக்கம் ஒரு பந்தை நன்றாகவே அடித்தார். எல்லோரும் பாதி எழுந்துவிட்டோம். அது நேராகப் போய் ஃபீல்டரின் கையில் உட்கார்ந்தது. டேவிஸ் பாதி ஓடி நின்று, திரும்பி, தலையைக் குனியாமல் டகவுட்டுக்கு (அணி உட்காரும் இடம்) நடந்தார். ஐந்து தடவை வந்தார், ஐந்தும் அவுட். தொடர்ந்து ஹிட் இல்லாத தடவைகளில் வெலெஸ் வைத்திருந்த 46 என்ற சாதனையைத் தாண்டி 49 ஆனது.

என்னை உறுத்துவது அந்த இரவு அல்ல. அதற்கு நான்கு நாள் முன்பு, யாங்கீஸோடு சொந்த ஊரின் முதல் ஆட்டத்துக்கும் மகளைக் கூட்டிப் போயிருந்தேன். டேவிஸ் மூன்று தடவை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்கவே முடியாமல் அவுட். அவருக்குப் பதில் சக ஆட்டக்காரர் ஆல்பர்ட்டோவை இறக்கினார்கள், அவர் வந்ததும் ஹிட் அடித்தார். மைதானமே டேவிஸை நோக்கி ஊளையிட்டது. நானும் கையைக் குவித்து ஊளையிட்டேன். மகள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆட்டத்தை அல்ல. அவளும் சாஃப்ட்பால் ஆடுகிறவள். அந்த வருடம் அவளுக்கும் மட்டையில் பந்தே படவில்லை.

பிராட் தெரு வாசி

நான் சொல்லப்போவது நல்ல காலத்துக் கதை. 2015 ஏப்ரல் 29, ஆளே இல்லாத ஆட்டம். போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த ஃப்ரெடி கிரேயின் மரணத்துக்குப் பிறகு ஊரில் கலவரம், இரவு ஊரடங்கு, அதனால் ஆட்டத்தைப் பகலுக்கு மாற்றிக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் வெளியே இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து ஹோட்டல் பால்கனிகளிலும் ஆட்கள்.

முதல் இன்னிங்ஸில் ஒரு சத்தம். வழக்கமாக அந்தச் சத்தத்தின் மேல் உடனே கூட்டத்தின் சத்தம் ஏறிவிடும். அன்று ஏறவில்லை. அந்த ஒரே அடி தனியாக வானத்தில் நின்றது. "டேவிஸ்தான்" என்று எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் பார்க்காமலே சொன்னார். மூன்று ரன் ஹோமர், பந்து எல்லையைத் தாண்டிப் போனது. கிராதிக்கு வெளியே நாங்கள் கத்தியது அவர் காதில் விழுந்ததா தெரியாது.

இன்னிங்ஸ் முடிந்து உள்ளே போகும்போது, வழக்கமாகக் குழந்தைகளுக்குப் போடுவதுபோல, அவர் பந்தை ஒரு காலி இருக்கைப் பக்கம் தூக்கிப் போட்டதை இரவு டிவியில் பார்த்தேன். அவர் விளையாட்டாகச் செய்தது. எனக்கு அழுகை வந்தது. எரிந்துகொண்டிருந்த ஊர் அது, எங்கள் ஊர்.

ஃபென்வே பின்வரிசை

நான் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஆள். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இரண்டு நாளும் எங்கள் ஃபென்வே மைதானத்தில் இருந்தேன்.

2012 மே 6. பதினேழு இன்னிங்ஸ், ஆறு மணி நேரம் தாண்டியது. டேவிஸ் எட்டுத் தடவை மட்டை பிடித்து எட்டும் பூஜ்யம், அதில் ஐந்து ஸ்ட்ரைக் அவுட். அப்புறம் பந்து வீசும் பிட்சர்கள் தீர்ந்துபோய் அவரையே பந்து வீச அனுப்பினார்கள். இரண்டு இன்னிங்ஸ் வீசினார், எங்கள் அட்ரியன் கொன்சாலஸையே ஸ்ட்ரைக் அவுட் செய்தார், வெற்றியும் அவர் பேரில் பதிவானது. மட்டையில் அவ்வளவு மோசமான நாளில் ஒருவன் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2019 ஏப்ரல் 13. முதல் இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், பந்து வீசுவது போர்செல்லோ. வலது பக்கம் ஒரு சிங்கிள், இரண்டு ரன். 54 தடவைக்குப் பிறகு முதல் ஹிட். ஃபர்ஸ்ட் பேஸில் நின்றுகொண்டு அந்தப் பந்து தனக்கு வேண்டும் என்று சைகை செய்தார். ஐம்பத்து மூன்று ஹோமர் அடித்த மனிதர், ஒரு சாதாரண சிங்கிள் பந்தைக் கேட்டு வாங்கினார். என்னைச் சுற்றி இருந்த பாஸ்டன்காரர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவர் வீட்டு அலமாரியில் அந்தப் பந்து எங்கே இருக்கும் என்று இன்னும் யோசிப்பேன்.

கணக்குப் பார்ப்பவன்

கேட்டன்ஸ்வில் அப்பாவுக்கு: நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். 2016 ஜனவரியில் டேவிஸுக்கு ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் ஒரு பங்கு 2037 வரை தவணையாகப் போகிறது. 2018-ல் மட்டைச் சராசரி 0.168, அதாவது பத்துத் தடவைக்கு இரண்டு ஹிட்கூட இல்லை, தகுதி பெறும் அளவு ஆடிய எந்த ஆட்டக்காரருக்கும் அதற்குமுன் அவ்வளவு குறைந்ததில்லை. அந்த வருடம் அணி 115 ஆட்டம் தோற்றது. டிக்கெட் வாங்கியவனுக்குக் குரல் கொடுக்க உரிமை உண்டு.

இன்னொன்று. எல்லோரும் ஷிஃப்ட்தான் அவரைக் கெடுத்தது என்கிறார்கள். இடதுகை ஆட்டக்காரர், எதையும் வலது பக்கம் இழுத்து அடிப்பவர், அதனால் மூன்று இன்ஃபீல்டர்களை அந்தப் பக்கமே நிறுத்தினார்கள் என்பது உண்மை. 2023-ல் அதைத் தடை செய்தார்கள், அவரோ 2021-லேயே ஓய்வு. ஆனால் 2018-ல் 192 ஸ்ட்ரைக் அவுட். பந்து மட்டையிலேயே படாதபோது ஃபீல்டர் எங்கே நின்றால் என்ன? வேகப்பந்துக்கு மட்டை நேரத்துக்கு வரவில்லை, அதுதான் காரணம். அதே மனிதர்தான் 2013-ல் 53 அடித்து பிரேடி ஆண்டர்சனின் அணிச் சாதனையை உடைத்தார், 2015-ல் 47 அடித்தார். சரிவு மெதுவாக வந்திருந்தால் யாரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

என் அனுபவம்? 2014 அக்டோபர் 3, டெட்ராய்ட் ஆட்டம். எங்கள் டெல்மன் யங் அடித்த அந்த டபுளுக்கு (இரண்டு பேஸ் ஓடும் அடி) கான்கிரீட்டே அதிர்ந்தது. பக்கத்தில் ஒருவர் 19-ஆம் எண் சட்டை போட்டு வந்திருந்தார், டேவிஸின் எண். டேவிஸோ அனுமதி புதுப்பிக்காமல் மருந்து எடுத்ததற்காக 25 ஆட்டத் தடையில் வெளியே. மைதானமே குதிக்கும்போது அந்தச் சட்டைக்காரர் மட்டும் சட்டையின் முன்பக்கத்தைக் கையால் நீவிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

பிராட் தெரு வாசி

கணக்கு அண்ணா, உரிமை இருக்கிறது, சரி. கேட்டன்ஸ்வில்காரர் உரிமையைப் பற்றிப் பேசவே இல்லையே. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் எழுதியிருக்கிறார். சராசரியையும் ஒப்பந்தத்தையும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

லாரல் கோச்

பதினோரு வருடமாகச் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மகளுக்கு மட்டையில் பந்து படவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

முதலில், கூண்டுக்குள் இயந்திரம் போடும் பந்தில் நூறு அடி அடிக்க வைப்பதை நிறுத்துங்கள். அது உடம்பைக் களைக்க வைக்கும், கண்ணைப் பழக்காது. நீங்களே முப்பது அடி தூரத்தில் உட்கார்ந்து கையால் போடுங்கள். பத்துப் பந்துக்கு அவள் மட்டையே வீசக் கூடாது, ஸ்ட்ரைக்கா (அடிக்க வேண்டிய பந்தா), 'பால்' ஆ (விட்டுவிட வேண்டிய பந்தா) என்று வாயால் மட்டும் சொல்ல வேண்டும். கையிலிருந்து பந்து கிளம்பும் இடத்தைக் கண் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் முன்கால். தடுமாறும் பிள்ளைகள் எல்லாரும் அவசரத்தில் காலை நீட்டி வைப்பார்கள், எடை முழுக்க முன்னால் போய்விடும், மெதுவாக வரும் பந்துக்குக் காத்திருக்க முடியாது. காலைத் தூக்காமல் குதிகாலை மட்டும் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கனம் குறைந்த மட்டை கொடுங்கள். இரண்டு வாரம் ஸ்கோர் எழுதாதீர்கள். வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஆட்டத்தைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், பெற்றோர் இதைத்தான் கேட்பதில்லை. சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள், போதும்.

டேவிஸை நான் ஒரே தடவை, 2019 கோடையில், ஃபர்ஸ்ட் பேஸ் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஷார்ட்ஸ்டாப் அவசரமாக எறிந்த பந்து அவர் கால் முன்னே மண்ணில் குத்தியது. அந்த ஆறடி மூன்று அங்குல உடம்பை முழுக்க நீட்டி, கையுறையை மண்ணோடு இழுத்து அள்ளி எடுத்தார். எறிந்த பையன் பக்கம் விரலைக் காட்டித் தலையாட்டினார். அவர் பிடித்திராவிட்டால் பிழை அந்தப் பையன் பேரில் எழுதப்பட்டிருக்கும். மட்டை போனபிறகும் கையுறை போகவில்லை, அதை யாரும் எழுதுவதில்லை.

இரவுப்பணி அம்மா

எனக்கு பேஸ்பால் தெரியாது, கணவருக்காக வாசிக்கிறேன். 2019 நவம்பரில் எங்கள் குழந்தை மேரிலாந்து பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தது. அதற்கு டேவிஸும் அவர் மனைவியும் 30 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி காத்திருப்பு அறையின் டிவியில் ஓடியது. அங்கே இருந்த ஒருவர், "இவனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து எங்கள் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார். அவர் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

கேட்டன்ஸ்வில் அப்பா

கோச் சார், நன்றி, காரில் பேசாமல் இருப்பதை மட்டும் நாங்களாகவே கற்றுக்கொண்டிருந்தோம். கணக்கு அண்ணா, கோபம் இல்லை.

எழுதாமல் விட்ட ஒன்று. அந்தத் திங்கள் இரவு அவர் கடைசியாக மட்டை பிடிக்க வந்தபோது எங்கள் பிரிவில் இருபது பேர்கூட இல்லை. நாங்கள் முன்னணியில் இருந்தோம், ஆட்டம் முடிந்த மாதிரிதான், எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மகள் இருக்கை மேல் ஏறி நின்று கை தட்டினாள். அவள் கை சின்னது, சத்தமே வரவில்லை. நான் எழுந்து சேர்ந்துகொண்டேன். அவர் அவுட் ஆனார். அவள் அப்போதும் நிறுத்தவில்லை, டகவுட் படியில் அவர் இறங்கி மறையும் வரை தட்டினாள்.