வேர் அறுபட்ட வேம்பு: கொப்புக் குறைத்தால் நிற்குமா?

வவுனியா, கண்டி வீதியோர வேம்பு. நெஞ்சளவில் சுற்றளவு 2.4 மீற்றர், உயரம் ஏறக்குறைய 14. போன வருசம் வடிகால் வெட்டியதில் வீதிப்பக்க வேர்கள் அடியிலிருந்து ஒன்றரை மீற்றரில் அறுபட்டன. மாரிக்குப் பிறகு அந்தப் பக்கக் கொப்புகள் நுனியிலிருந்து பட்டுவருகின்றன. அடியில் கனோடெர்மா தட்டுக்காளான். மற்றப் பக்கம் பச்சைதான், ஆனால் அதை நம்பேலாது: இந்தக் காளான் வேரைத் தின்னும்போதும் மரம் துளிர்க்கும்.

பட்ட கொப்புகளைக் கணுவளையம் (கொப்பு மரத்தோடு சேரும் இடத்துத் தடிப்பு) காயப்படாமல் அரிந்தோம். அடியைச் சுற்றிய கொங்கிறீற்றை உடைத்து, மண்ணை இளக்கி, மக்கிய இலை போட்டோம். காளானைச் செதுக்கியும் திரும்ப முளைத்தது. மரச்சுத்தியலால் தட்டினால் வீதிப்பக்கம் கோறைச் சத்தம்; 8 மில்லிமீற்றர் கம்பி 20 சென்ரிமீற்றர் இறங்குகிறது.

கீழே பஸ் தரிப்பிடம், மேலே மின்கம்பி. சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்க முதல் முடிவெடுக்கவேண்டும். அங்கே வேறு நிழலில்லை, தறிக்க மனமில்லை.

இந்த நிலையிலுள்ள வேம்பை உயரத்தில் மூன்றிலொன்று குறைத்து யாராவது பாதுகாப்பாக நிறுத்தியிருக்கிறீர்களா?