லாகோஸ்காரர் பாதி விலைக்கு இன்வாய்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

குறிஞ்சிப்பாடி தறிக்காரன் | 6 மார்ச் 2024

எல்லோருக்கும் வணக்கம். குறிஞ்சிப்பாடியில் கைலியும் கட்டம் போட்ட பருத்தித் துணியும் நெய்து விற்கிறோம். இதுவரை சென்னையில் ஒரு ஏற்றுமதியாளர் வழியாகத்தான் எங்கள் சரக்கு நைஜீரியா போனது. அங்கே நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்றொரு இனத்தார், நம் மெட்ராஸ் கட்டத் துணியை ‘இஞ்சிரி’ என்று சொல்லி, பிள்ளை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் அதைத்தான் எடுக்கிறார்கள். பக்கத்து இக்போ மக்கள் கல்யாணத்துக்குக் கட்டும் ‘ஜார்ஜ்’ துணிக்குப் பெயர் வந்ததே நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையால்தான் என்பார்கள். ஆக, சந்தை புதிதில்லை. நேரடியாக அனுப்புவதுதான் எங்களுக்குப் புதிது.

இப்போது லாகோஸ் வியாபாரி ஒருவர் 20 அடி கண்டெய்னர் ஒன்று கேட்கிறார். மொத்தம் 40,000 டாலர். இரண்டு நிபந்தனை வைக்கிறார். இன்வாய்ஸில் 20,000 மட்டும் போட வேண்டும், மீதியைத் துபாயில் இருக்கும் அவர் ஆள் அனுப்புவார். இரண்டாவது, ‘ஃபார்ம் எம்’ என்று நைஜீரியாவில் இறக்குமதிக்கு ஒரு படிவம் இருக்கிறதாம். அதைச் சரக்கு கப்பல் ஏறிய பிறகு பார்த்துக்கொள்கிறேன், நீ உடனே அனுப்பு என்கிறார். தூத்துக்குடியிலிருந்து கொழும்பில் மாறி லாகோஸின் அபாபா துறைமுகம். அப்பா வேண்டவே வேண்டாம் என்கிறார். மச்சான், ஊரே இப்படித்தான் செய்கிறது என்கிறான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அபாபா அண்ணாச்சி

தம்பி, லாகோஸில் பதினான்கு வருஷமாகக் கிடக்கிறேன். உன் மச்சான் சொல்வதுதான் நடப்பு.

பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே என்ன நடந்தது தெரியுமா? அதுவரை சுங்கத்துறை ஒரு டாலருக்கு 951 நைரா என்று வைத்துத் தீர்வை போட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று 1,356 ஆக்கிவிட்டார்கள். அதோடும் நிற்கவில்லை, அடுத்தடுத்து ஏறியது. கண்டெய்னர் கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே வரி நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடினால் வியாபாரி என்ன செய்வான்? முழு விலை போட்டவன் தலையில்தான் முதல் இடி. உன் ஆள் திருடன் இல்லை, அடிபட்டவன். விலை குறைத்துக் கேட்பது அவன் போட்டுக்கொள்ளும் குடை.

முத்துநகர் ஏஜென்ட்

அண்ணாச்சிக்கு வணக்கம். தூத்துக்குடியில் சுங்க முகவர் வேலை பார்க்கிறேன், மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு மாதம் நாலைந்தாவது கையில் வரும். நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக இருக்கிறது.

அந்தக் கூச்சலுக்குப் பிறகு நைஜீரிய மத்திய வங்கி பிப்ரவரி 23 தேதியிட்டு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஃபார்ம் எம் திறந்த நாளில் டாலர் என்ன விலையோ, சரக்கை வெளியே எடுக்கும் வரை தீர்வைக்கு அதே விலைதான். அப்படியென்றால் உண்மையான குடை ஃபார்ம் எம் தான். அதைத்தான் அவர் ‘பிறகு பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார்!

தறிக்காரரே, வரிசை இதுதான். முதலில் நீங்கள் புரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பனைக்கு முந்தைய விலைச்சீட்டு, கொடுப்பீர்கள். துணி அவர்கள் நாட்டுத் தரத்துக்கு ஒத்துவருகிறது என்று ‘சோன்காப்’ திட்டத்தின் கீழ் பொருள் சான்றிதழ் எடுக்க வேண்டும். இது 2005-இல் இருந்து நடப்பில் உள்ள விஷயம். உணவுக்கும் மருந்துக்கும் இது கிடையாது, அதற்கு நாஃப்டாக் என்று தனித் துறை. அப்புறம் அவர் அங்கே உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனத்தில் கடல் காப்பீடு எடுப்பார். இறக்குமதிச் சரக்கை உள்ளூரில்தான் காப்பீடு செய்ய வேண்டும் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. அதனால் நீங்கள் காப்பீட்டையும் சேர்த்து விலை சொல்லாதீர்கள், கப்பல் கூலி வரைக்கும் சொன்னால் போதும். இதையெல்லாம் சேர்த்து அவருடைய வங்கி கணினியில் ஃபார்ம் எம் போடும், சுங்கத்துறை அதைப் பதிவு செய்யும். அந்த எண் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கண்டெய்னர் துறைமுகக் கேட் உள்ளே போக வேண்டும்.

சரக்கு ஏறியதும் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), பேக்கிங் லிஸ்ட், விலையும் பிறப்பிடமும் சொல்லும் சிசிவிஓ, இந்தச் சரக்குக்கான சோன்காப் சான்று எல்லாம் அவர் வங்கிக்குப் போகும். அதை வைத்துச் சுங்கத்துறை, வருகைக்கு முந்தைய மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தரும். அதைத்தான் சுருக்கமாகப் ‘பார்’ என்பார்கள். 2013 டிசம்பர் வரை தனியார் ஆய்வு நிறுவனங்கள் செய்த வேலை அது, இப்போது சுங்கத்துறையே செய்கிறது. பார் இல்லாமல் தீர்வை கட்ட முடியாது. தீர்வை கட்டாமல் சரக்கு வராது. பி.எல். தேதிக்குப் பின்னால் ஃபார்ம் எம் தேதி இருந்தால் முதல் அடியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அபாபா அண்ணாச்சி

ஏஜென்ட் தம்பி, காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. இங்கே வந்து நின்று பார்.

2015 ஜூனில் மத்திய வங்கி 41 பொருளுக்கு வங்கி டாலர் கிடையாது என்று சொன்னது. பட்டியலில் அரிசி, சிமெண்டோடு துணியும் உண்டு. பிறகு அது 43 ஆனது. 2023 அக்டோபரில்தான் எடுத்தார்கள். எட்டு வருஷம் துணி வியாபாரி டாலருக்கு எங்கே போவான்? துபாய் ஆள், சீனாவில் குவாங்சோ ஆள் எல்லாம் அப்படி வந்த பழக்கம். தடையை எடுத்த மறுநாளே வங்கி டாலரை அள்ளிக் கொடுத்துவிடாது.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ உண்மை விலை போட்டாலும் பாரில் அவர்களாகவே விலையை ஏற்றுவார்கள். நாற்பதுக்கு வாங்கியதை ஐம்பது என்பார்கள். அதனால்தான் எல்லாரும் இருபதிலிருந்து பேரத்தைத் தொடங்குகிறார்கள். தீர்வை கட்டி வெளியே வந்த கண்டெய்னரையே சாலையில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அபாபா சாலையில் லாரி வரிசையில் வாரக்கணக்கில் நின்ற காலமும் உண்டு. 2021-இல் ‘ஈட்டோ’ என்று கணினி முறையில் லாரியை அழைக்க ஆரம்பித்த பிறகும் முழுதாகத் தீரவில்லை. ஒவ்வொரு நாளும் கப்பல் கம்பெனிக்கு டெமரேஜ் என்று தாமதக் கட்டணம், முனையத்துக்கு வாடகை. இந்தச் செலவை எந்தச் சட்டத்தில் கழிப்பாய்?

ஓய்வுபெற்ற ஃபாரெக்ஸ்

வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவன். அண்ணாச்சி நைஜீரியப் பக்கத்தை மட்டும் பேசுகிறார். தறிக்காரர் குடியிருப்பது இந்தியாவில்.

இங்கே நம் சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதித் தாளான ஷிப்பிங் பில்லில் 20,000 என்று எழுதினால், மீதி 20,000 எந்தக் கணக்கில் உள்ளே வரும்? ஹவாலாவில் வந்தால் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவை மீறியதாகும். வங்கி வழியாக வந்தால் எதற்கு வந்தது என்று கேட்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. ஷிப்பிங் பில்லில் பொய் விலை எழுதினால் சுங்கச் சட்டம் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் போட இடமிருக்கிறது. ஏற்றுமதிச் சலுகைகள் எஃப்ஓபி விலையை (கப்பல் கூலியும் காப்பீடும் சேராத விலை) வைத்துத்தான் கிடைக்கின்றன, அதிலும் பாதி போகும்.

சிலர் கெட்டிக்காரத்தனமாக இரண்டு இன்வாய்ஸ் போடுவார்கள். இங்கே 40, அங்கே 20. அந்த 20-க்குச் சிசிவிஓவில் கையெழுத்துப் போடப்போவது யார்? நீங்கள்தான்.

மூன்றாம் ஆள் பணம் கட்டுவதே தப்பில்லை, ரிசர்வ் வங்கி நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஆனால் ஆர்டரிலேயே அந்த ஆள் பெயர் இருக்க வேண்டும், முழுத் தொகையும் முறையான வங்கி வழியில் வர வேண்டும்.

சூரத் வேலன்

எதற்கு இத்தனை சண்டை? பக்கத்து நாடுகளான டோகோவின் லோமேக்கோ பெனினின் கோட்டோனுவுக்கோ அனுப்பிவிடுங்கள். அங்கிருந்து சாலையில் லாகோஸ் சில மணி நேரம்தான். பாதி மேற்கு ஆப்பிரிக்கா அப்படித்தான் துணி வாங்குகிறது. எதுவும் வேண்டாம், கிலோ கணக்கில் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஈரோடு செல்வி

வேலன் அண்ணா, நான் அந்தப் பாடத்துக்குக் காசு கட்டிப் படித்தவள். 2019-இல் பெட்ஷீட் ஒரு கண்டெய்னர் கோட்டோனு அனுப்பினேன். வாங்கியவர் நைஜீரியாக்காரர், எல்லை தாண்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்த ஆகஸ்டில் நைஜீரியா தரை எல்லையை மூடியது. 2020 டிசம்பரில்தான் திறக்க ஆரம்பித்தார்கள், அதுவும் முதலில் நாலு இடத்தில் மட்டும். என் பெட்ஷீட் கிடங்கில் கிடந்தது, கிடங்கு வாடகை ஓடியது, வாங்கியவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் உள்ளூரில் ஒருவருக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன்.

கோட்டோனு, லோமே என்றால் காகிதமே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் சரக்குக் கண்காணிப்பு எண் ஒன்று கப்பல் ஏறும் முன்பே வாங்க வேண்டும், பெஸ்க் என்பார்கள். எனக்கு அதுவே தெரியாமல் அபராதம் கட்டினேன்.

கிலோ கணக்கு ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் துணி இன்னொருவர் பெயரில், இன்னொருவர் சரக்கோடு போகும். அந்தப் பெட்டியில் யாராவது பாரசிட்டமால் மாத்திரையோ பழைய துணியோ திணித்திருந்தால் (இரண்டுமே அங்கே தடைப் பட்டியலில் உள்ளவை) மொத்தமும் போச்சு. கேட்கப் போனால் உங்கள் பெயரே எதிலும் இருக்காது.

அபாபா அண்ணாச்சி

செல்வி, உனக்கு நடந்தது பாவம்தான். எல்லை மூடியது யாரும் எதிர்பார்க்காதது. ஆனால் ஒரு வாதத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உண்மை விலையையும் அவர்கள் ஏற்றுவார்கள் என்றேனே?

முத்துநகர் ஏஜென்ட்

சொல்கிறேன் அண்ணாச்சி. ஏற்றினால் எதிர்த்துக் கேட்கலாம். ஷிப்பிங் பில் நகல், வங்கியில் பணம் வந்த ஸ்விஃப்ட் தாள், விலைப்பட்டியல் மூன்றையும் வைத்து, இதுதான் நான் கொடுத்த விலை என்று நிற்கலாம். ஜெயிக்கிறோமோ இல்லையோ, நிற்க ஒரு கால் இருக்கிறது. பொய் விலை போட்டவனிடம் காட்ட என்ன இருக்கிறது? மதிப்பை ஏற்றி, மீதித் தீர்வை கேட்டு டெபிட் நோட் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு கட்ட வேண்டியதுதான்.

சரி, ஒரு கணக்குப் போடுகிறேன். அந்தப் பக்கத்து நாடுகளுக்கெல்லாம் பொதுவான தீர்வைப் பட்டியலில் 0, 5, 10, 20, 35 என்று ஐந்து படி. கணக்குக்காக 20 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் விலை 40,000, கப்பல் கூலியும் காப்பீடும் 3,000, மொத்தம் 43,000.

தீர்வை 8,600. அதன் மேல் 7 சதவீத சர்சார்ஜ் 602. எஃப்ஓபி விலையில் 1 சதவீதம் மேற்பார்வைக் கட்டணம் 400. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸுக்கு வரி அரை சதவீதம் 215. இத்தனையையும் 43,000-த்தோடு கூட்டி, அதற்கு 7.5 சதவீதம் வாட் 3,961. ஆக 13,778 டாலர். பாதி விலை போட்டால் இதே கணக்கில் 7,355 வரும்.

அவருக்கு மிச்சம் சுமார் 6,400 டாலர். அதற்காக நீங்கள், பெயர் தெரியாத துபாய் ஆளை நம்பி 20,000 டாலரை விட வேண்டும். கப்பலில் சரக்குக்கு ஏதாவது ஆனால் காப்பீடும் 20,000 கணக்கில்தான் வரும். அவர் கடைசி நேரத்தில் எடுக்க மாட்டேன் என்றால் ஃபார்ம் எம், பார் எல்லாம் அவர் பெயரில் இருக்கும், வேறு ஆளுக்கு மாற்றுவது லேசில்லை. மிச்சம் அவருக்கு, ஆபத்து முழுதும் உங்களுக்கு. இதை வியாபாரம் என்று எப்படிச் சொல்வது?

குறிஞ்சிப்பாடி தறிக்காரன்

இந்த 6,400-க்கு 20,000 கணக்கைத்தான் அப்பாவிடம் காட்டினேன். “இதைத்தானடா நானும் சொன்னேன்” என்றார். அவர் ஒரு கணக்கும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

அவருக்கு வங்கி டாலர் கிடைக்காவிட்டால் என்ன வழி? இன்னொரு கவலை, எங்கள் துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சாயம் விடும். சோதனையில் தோற்றுவிடுமா?

ஓய்வுபெற்ற ஃபாரெக்ஸ்

ஃபார்ம் எம்மில் இரண்டு வகை உண்டு. ஒன்று வங்கி மூலம் அந்நியச் செலாவணி கேட்பது. இன்னொன்று கேட்காதது, அதாவது டாலருக்கு அவர் சொந்த ஏற்பாடு. இரண்டாவது வகையில் வங்கி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. டாலர் இல்லை என்பது, ஃபார்ம் எம் இல்லாமல் அனுப்பக் காரணம் ஆகாது.

ஈரோடு செல்வி

சாயத்துக்கு: என் பெட்ஷீட்டுக்குச் சாயம் நிற்கிறதா என்று சோதனை கேட்டார்கள். முதல் மாதிரி தோற்றது. சாயப்பட்டறையில் சொல்லி இன்னொரு முறை அலசி, சாயத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸர் போட்டு அனுப்பினோம், தேறிவிட்டது. எப்போதாவது ஒரு முறை அனுப்புகிறவருக்கு ஒரு வழி, தொடர்ந்து அனுப்பினால் பொருளைப் பதிவு செய்துகொள்ள இன்னொரு வழி என்று வைத்திருக்கிறார்கள். முதல் கண்டெய்னருக்குப் பதிவெல்லாம் வேண்டாம்.

குறிஞ்சிப்பாடி தறிக்காரன் | 15 மார்ச் 2024

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முழு விலை, முதலில் ஃபார்ம் எம் எண், பிறகுதான் நெய்த துணியை மூட்டை கட்டுவேன் என்று எழுதினேன். ஐந்து நாள் சத்தமே இல்லை. ஆர்டர் போய்விட்டது என்றே நினைத்தேன். நேற்று பதில் வந்தது. 40,000-க்கு இப்போது முடியாதாம், 26,000 டாலருக்குச் சரக்கைக் குறைத்துப் புதிய புரோஃபார்மா கேட்கிறார். துபாய் ஆள் பேச்சு இல்லை. ஆனால் கண்டெய்னரில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும்.

அபாபா அண்ணாச்சி

பார்த்தாயா, பதினாலாயிரம் டாலர் ஆர்டர் போச்சு. இந்நேரம் வேறு எவனாவது அவனுக்குப் பாதி விலை இன்வாய்ஸ் கொடுத்திருப்பான்.

சரி, கண்டெய்னர் இங்கே வரும்போது சொல்லு. உன் ஆளுடைய கிளியரிங் ஏஜென்ட் லைசென்ஸ் உள்ளவனா என்று நான் விசாரித்து வைக்கிறேன். காலி கண்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கும் டெபாசிட் யார் கட்டுவது என்று இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள். அதில்தான் கடைசியில் அடித்துக்கொள்வார்கள்.

குறிஞ்சிப்பாடி தறிக்காரன்

நன்றி அண்ணாச்சி. ஏஜென்ட் சார், ஃபார்ம் எம் எண்ணைப் பி.எல்.-இல் எந்த இடத்தில் போடுவது?

முத்துநகர் ஏஜென்ட்

சரக்கு விவரம் எழுதும் பகுதியில். இன்வாய்ஸிலும் அதே எண், ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. டிராஃப்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.