டிசம்பர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு முழிக்கும் புதியவர்களுக்கு, கனடாவின் எட்மன்டனிலிருந்து

ஆபீசில் ஒரு மெயில் சுற்றியிருக்கும். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பு பணம் திரட்ட நடத்தும் சான்டா ஷஃபிள். பெரியவர்களுக்கு 5 கிலோமீட்டர் ஓட்டம், பிள்ளைகுட்டியோடு வருபவர்களுக்கு 1 கிலோமீட்டர் எல்ஃப் வாக். செப்டம்பரில் வந்து இறங்கிய ஜோரில் நீங்களும், "அஞ்சு கிலோமீட்டர்தானே, மதுரையில ரேஸ்கோர்ஸ் மைதானத்துல ஓடாததா" என்று பேரைக் கொடுத்துவிட்டீர்கள். இப்போது நவம்பர் பாதி தாண்டிவிட்டது, ஜன்னலுக்கு வெளியே மைனஸ் 14. போன வாரம் மட்டும் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "அக்கா, இந்தக் குளிர்ல நெசமாவே ஓடுவாங்களா?"

ஓடுவார்கள். எழுபது வயதுத் தாத்தாவும் ஓடுவார், சான்டா தொப்பி மாட்டிய நாயும் ஓடும். நீங்களும் ஓடலாம். ஆனால் நீங்கள் பயப்படுவது ஒன்றுக்கு, பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

என் முதல் வருடக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கையிலிருந்த காசையெல்லாம் போட்டு ஒரு தடித்த ஜாக்கெட் வாங்கினேன். காலில் சென்னையிலிருந்து கொண்டுவந்த, அடிப்பகுதி தேய்ந்து வழவழப்பான பழைய ஷூ. முதல் கிலோமீட்டரிலேயே ஜாக்கெட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. இரண்டாவது கிலோமீட்டரில் பாதை ஆற்றுப் பக்கமாகச் சரியும் இடத்தில், ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்த தரையில் கால் போனது. எலும்பு முறியவில்லை. ஆனால் பொங்கல் வரைக்கும் ஆபீசில் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தேன். குளிருக்கு அவ்வளவு செலவு செய்தவள் தரையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அதனால் காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்று நினைப்போம். அப்படி இல்லை. மைனஸ் 20இல் காலடியில் பனி கரகரவென்று சத்தம் போடும். அது நல்ல தரை, பிடிப்பு கிடைக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்தான் ஆபத்து. பகலில் லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, காலையில் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நின்றால் நின்ற இடத்திலேயே வழுக்கும். தார் நிறமே தெரியுமளவுக்கு மெல்லியதாகப் படிந்திருப்பதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறார்கள். நான் விழுந்தது அதில்தான். பாலங்களின் மேல் தரை முதலில் உறையும், ஏனென்றால் கீழேயும் குளிர்காற்று. சாலையில் அடித்த பெயின்ட் கோடு, இரும்பு மூடி, மரப்பலகை, மூன்றிலும் கால் வைக்காமல் பாருங்கள். புதுப்பனி பஞ்சு மாதிரி அழகாக இருக்கும். அதன் அடியில் நேற்றைய ஐஸ் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

"உப்பு போட்டுருக்காங்களே அக்கா" என்றார் ஒரு தம்பி. சாதாரண உப்பு மைனஸ் 10ஐத் தாண்டினால் பெரிதாக வேலை செய்யாது. அதனால்தான் இங்கே மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். எட்மன்டன் மாநகராட்சி அங்கங்கே பெட்டி வைத்து மணலை இலவசமாகவே தருகிறது. ஒரு வாளி அள்ளி வந்து உங்கள் வாசல்படியில் தூவுங்கள். ஓடப்போய் விழுபவர்களைவிட, குப்பை போட வாசலில் இறங்கி விழுபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அன்றாடம் நடக்க பூட்ஸ் வாங்கும்போது விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். டொரான்டோவில் கைட் என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பனிக்கட்டித் தரையில் ஆட்களை நடக்கவிட்டு, தரையைச் சாய்த்துக்கொண்டே போய், எந்தச் சரிவில் வழுக்குகிறது என்று பூட்ஸ்களைச் சோதிக்கிறார்கள். 7 டிகிரி தாங்கினால் மதிப்பெண்ணாக ஒரு ஸ்னோஃபிளேக், அதாவது ஒரு பனித்துகள் படம், 11க்கு இரண்டு, 15க்கு மூன்று. 7 டிகிரி என்பது சக்கர நாற்காலி இறங்க நடைபாதை ஓரத்தில் வைக்கும் சரிவின் அளவு. நிறைய பூட்ஸ்கள் அதற்கே தேறுவதில்லை. 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் பட்டியல் கிடைக்கும், கடைக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஓட்டத்துக்குத் தனிப் பனிக்கால ஷூ தேவையில்லை. அடியில் கட்டை கட்டையாக ரப்பர் இருக்கும் ட்ரெயில் ஷூ இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், இருக்கிற ஷூவின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வலை, அடியில் சின்னச் சின்ன இரும்பு முட்கள். யாக்ட்ராக்ஸ், கஹ்டூலா என்று பல கம்பெனிகள் விற்கின்றன, கனேடியன் டயர் என்ற கடையில் இந்த மாதிரிப் பார்க்கலாம். வாங்கின அன்றே போட்டியில் மாட்டாதீர்கள். இரண்டு நாள் வீட்டைச் சுற்றி ஓடிப் பழகுங்கள். அதைப் போட்டுக்கொண்டே கடைக்குள்ளோ மாலுக்குள்ளோ போனீர்களானால் டைல்ஸ் தரையில் இரும்பு சறுக்கும். என் தோழி ஐந்து கிலோமீட்டரும் ஒழுங்காக ஓடி முடித்துவிட்டு, பாத்ரூம் வாசலில் விழுந்தாள்.

ஓடும் விதத்தையும் மாற்ற வேண்டும். கால் உடம்புக்கு நேர்கீழே விழ வேண்டும், முன்னால் நீட்டி எட்டி வைக்கக் கூடாது. குட்டி குட்டி அடி, முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். இங்குள்ளவர்கள் பென்குவின் நடை என்பார்கள், நமக்கு வாத்து நடை என்றால் புரியும். கை பாக்கெட்டுக்குள் போகவே கூடாது. சரிவு வந்தால் நடங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், பக்கத்தில் ஓடுபவரும் நடந்துகொண்டுதான் இருப்பார்.

சரி, இப்போது குளிர்.

வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்துக்கொண்டு உடுத்துங்கள். மைனஸ் 12 என்றால் மைனஸ் 2க்கான உடை. புறப்படும் இடத்தில் நிற்கும்போது லேசாக நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அங்கேயே கதகதவென்று இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும், வியர்த்த துணி நின்றவுடன் ஐஸ் ஒத்தடம் ஆகிவிடும். இதனால்தான் பருத்தி வேண்டாம் என்கிறேன். திருப்பூர் பனியனில் பேரில்தான் பனி இருக்கிறது; ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ ஒன்று, அதன் மேல் லேசான ஃபிளீஸ், மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். மைனஸ் 5 மாதிரி என்றால் நடுவில் உள்ளதைக் கழற்றிவிடலாம். பந்தய எண்ணை வெளியே தெரியும் துணியில், கழற்றாத துணியில் குத்துங்கள்.

வானிலை ஆப்பில் இரண்டு எண் இருக்கும். இரண்டாவதைப் பாருங்கள், அதுதான் விண்ட் சில். மைனஸ் 15இல் 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 24 மாதிரி. மைனஸ் 28ஐத் தொட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். நீங்கள் 5 கிலோமீட்டரை முடிக்க முப்பது, நாற்பது நிமிடம் ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் காற்றை எதிர்த்து ஓடி, வியர்த்த பிறகு காற்று முதுகில் படும்படி திரும்புவதுதான் நல்லது. போட்டிப் பாதை உங்கள் கையில் இல்லை, பயிற்சிக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பையில் இருக்கும் மிட்ஸ் சூடு. தலைக்கு டூக் என்ற கம்பளித் தொப்பி, கழுத்துக்கு இழுத்து மூக்குவரை ஏற்றும் பஃப். ஆண்களுக்கு ஒன்று, யாரும் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள்: முன்பக்கம் காற்று புகாத உள்ளாடை விற்கிறது, வாங்கிவிடுங்கள். பெண்களுக்கு ஒன்று: ஜிமிக்கி, வளையல், உலோக மூக்குத்தி எல்லாம் குளிரைத் தோலுக்குள் கடத்தும். மூக்குத்தியைக் கழற்ற முடியாதவர்கள் பஃபை அதன் மேல் ஏற்றிவிடுங்கள். தாலிச்செயின் உள்ளாடைக்கு மேல், ஃபிளீஸுக்கு அடியில்.

"அம்மா முகத்துல தேங்காய் எண்ணெய் தடவிட்டுப் போகச் சொல்றாங்க" என்று ஒரு பெண் கேட்டிருந்தாள். அம்மாவிடம் சரி என்று சொல்லிவிடு, தடவாதே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும். எந்த எண்ணெயும், வாஸ்லினும்கூட, தோல் உறைவதைத் தடுக்காது. தடுக்கும் என்ற தைரியத்தைத்தான் கொடுக்கும்.

நம் நிறத்துக்கு முக்கியமான ஒன்று. தோல் உறைந்தால் சிவக்கும், வெளுக்கும் என்று எல்லா அறிவிப்பிலும் எழுதியிருப்பார்கள். கறுத்த தோலில் அது சாம்பல் பூத்த மாதிரி, ரத்தமில்லாத மாதிரித்தான் தெரியும். அதனால் நிறத்தை நம்பாதீர்கள், உணர்வை நம்புங்கள். வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலிக்கவில்லை என்றால் உள்ளே போக வேண்டிய நேரம். தேய்க்காதீர்கள், பனியை வைக்காதீர்கள். அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு நம் மாகாணமான ஆல்பர்டாவில் 811 அடித்தால் எந்நேரமும் நர்ஸ் பேசுவார். மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள், ஷூ வாங்கும் முன் அதைச் செய்யுங்கள். அந்த அட்டை இருந்தாலும் ஆம்புலன்ஸுக்குத் தனி பில் வரும்.

ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள், இன்ஹேலரை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். ஸ்ட்ரோலரில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு ஓடுபவர்களுக்கு: உங்களுக்குச் சூடு ஏறும், உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு ஏறாது. பத்து டிகிரிக் கணக்கு அதற்குப் பொருந்தாது. எல்ஃப் வாக்கே அதற்குப் போதும் என்பது என் அபிப்பிராயம்.

சான்டா வேஷம் போடலாமா? போடலாம். ஆனால் அந்தச் சிவப்புச் சட்டை காகிதம் மாதிரி, குளிர் தாங்காது. பேன்ட் நீளமாக இருந்தால் மடித்துப் பின் குத்துங்கள், ஐஸில் அது தடுக்கினால் அவ்வளவுதான். பஞ்சுத் தாடி மூச்சின் ஈரத்தில் அரை மணியில் ஐஸ் கட்டிவிடும். ஒரு வருடம் ஒருவர் டைட்ஸுக்கு மேல் வேட்டி மடித்துக் கட்டி, தலையில் சான்டா தொப்பியோடு ஓடினார். அன்று அதிகம் போட்டோ எடுக்கப்பட்டது அவரைத்தான்.

பயிற்சிக்குத் தனியாகப் போக வேண்டாம். ரன்னிங் ரூம் கடை இந்த ஊரில் 1984இல் ஜான் ஸ்டான்டன் என்பவர் ஒரு பழைய வீட்டின் ஒற்றை அறையில் ஆரம்பித்தது. இப்போது கனடா முழுக்க இருக்கிறது. புதன் மாலையும் ஞாயிறு காலையும் கடையிலிருந்து கூட்டமாக ஓடுவார்கள், காசு கிடையாது. எந்தப் பாதையில் ஐஸ் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நான் இந்த ஊரில் பேசப் பழகியதே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

பணம் திரட்டுவது பற்றி. நுழைவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. வரிக்கழிவு ரசீது பொதுவாக நன்கொடைக்குத்தான். ஆல்பர்டாவில் 2023 முதல், வருடத்தின் முதல் 200 டாலருக்குத்தான் மொத்தக் கழிவு விகிதம் அதிகம். தெரியாத அமைப்பு என்றால் ஒன்பது இலக்கம், பிறகு ஆர்ஆர் என்ற இரண்டு எழுத்து, பிறகு நான்கு இலக்கம் உள்ள பதிவெண்ணைக் கேட்டு வாங்கி, வருமான வரித்துறையின் பட்டியலில் பாருங்கள். ஆபீசில் ஒரே ஒரு மெயில் போடுங்கள், மேஜை மேஜையாகப் போய்க் கேட்காதீர்கள். இங்கே அது சங்கடம். ஓடவே முடியாதவர்கள் ஒரு பை அரிசி பருப்பை, இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஃபுட் பேங்கில் கொடுக்கலாம். 1981இல் கனடாவின் முதல் ஃபுட் பேங்க் தொடங்கியது இதே ஊரில்தான்.

போட்டி அன்று. டிசம்பர் தொடக்கத்தில் எட்டரை மணிக்குத்தான் விடியும், இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் முந்தின ராத்திரி, என்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைச் சொருக மறக்காதீர்கள். போனை உள்பையில் வையுங்கள், வெளியே வைத்தால் பேட்டரி செத்துவிடும். தாகம் எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். முடித்ததும் போட்டோவுக்கு நிற்காமல் முதலில் உள்சட்டையை மாற்றுங்கள். ஒரு பையில் காய்ந்த சட்டை, சாக்ஸ், இன்னொரு டூக்.

அந்தப் பையிலேயே ஒரு ஃபிளாஸ்க் மிளகு ரசம். கப் மூன்று நான்கு எடுத்துப் போங்கள், மூடியைத் திறந்ததும் பக்கத்தில் நிற்பவர் என்னவென்று கேட்பார்.

வேறு சந்தேகம் இருந்தால் வெள்ளி ராத்திரிக்குள் கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை காலையில் நான் போன் எடுக்க மாட்டேன், கையில் மிட்ஸ் இருக்கும்.