ஆட்டோசெக்சிங் கோழி: "பால்தெரி இனம்" எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கோழி வளர்ப்புச் சொற்களில் "ஆட்டோசெக்சிங்" (பொரித்த குஞ்சின் தோற்றத்தை வைத்தே சேவலா பெட்டையா என்று தலைமுறைதோறும் சொல்லிவிடக்கூடிய இனம்) என்பதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தானியங்கு பாலறி இனம், தற்பால்காட்டி இனம், நிறம்பிரி இனம்.

முதலாவதை விட்டுவிடலாம் என்பேன். தானியங்கு என்றதும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும். முட்டைக்குள்ளேயே சேவலா பெட்டையா என்று பார்க்கும் இயந்திரங்கள் இப்போது வந்துவிட்டதால், அந்தச் சொல் அவற்றுக்குத் தேவைப்படும். தற்பால்காட்டி என்பதைத் தன்பால் ஈர்ப்போடு சேர்த்துப் படித்துவிடுவார்கள். நிறம்பிரி நல்ல சொல், எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதை ஏற்பதற்கு முன்னால், நாம் பெயர் வைக்கப்போகும் பொருள் ஒன்றா இரண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதுவரை வந்த மடல்களில் ஆட்டோசெக்சிங்கும், இரண்டு இனங்களைக் கலந்து ஒரு தலைமுறைக்கு மட்டும் அப்படிப் பிரிக்கக்கூடிய செக்ஸ்லிங்கும் கலந்தே கிடக்கின்றன.

கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. எனவே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தாயின் கருமுட்டைதான் தீர்மானிக்கிறது, அதுவும் ஓடு உருவாவதற்கு முன்பே. (கூர்முனை முட்டையில் சேவல் பொரிக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். ஓட்டின் வடிவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இறகில் குறுக்கு வரி போடும் மரபணு இசட்டில் இருக்கிறது. வரி இல்லாத ரோட் ஐலண்ட் ரெட் சேவலை, வரியுள்ள பிளிமத் ராக் பெட்டையோடு சேர்த்தால், தாயின் இசட் மகன்களுக்கு மட்டும் போகும். சேவல் குஞ்சு கருப்பாக, தலையில் வெள்ளைப் பொட்டோடு பொரிக்கும். பெட்டைக் குஞ்சுக்குப் பொட்டு இருக்காது. ஒரு நாள் குஞ்சிலேயே பிரித்துவிடலாம். இது செக்ஸ்லிங்க். ஜோடியை மாற்றி, வரியுள்ள சேவலைப் போட்டால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்துவிடும், பிரிக்க முடியாது. பிரிந்த குஞ்சுகளை வளர்த்து அவற்றுக்குள்ளேயே இணை சேர்த்தாலும், அடுத்த ஈட்டில் பொட்டு இரு பக்கமும் கலந்துதான் வரும். அதாவது இது ஒரு தலைமுறைக் கலப்பு மட்டுமே.

ஆட்டோசெக்சிங் அப்படியில்லை. முதல் உலகப் போர்க்காலத் தீனித் தட்டுப்பாட்டில், நிறத்தை வைத்துச் சேவல் குஞ்சுகளைப் பிரிக்கலாம் என்று சொன்னவர் கேம்பிரிட்ஜ் மரபியலாளர் ரெஜினால்ட் பன்னெட். பள்ளி உயிரியலில் பன்னெட் கட்டம் போட்டவர்களுக்குப் பெயர் பழக்கம். பின்னர் அவரும் மைக்கேல் பீஸும் சேர்ந்து, பிளிமத் ராக்கின் வரியைத் தங்க நிறக் கேம்பைன் கோழிக்குள் கொண்டுவந்து கேம்பார் இனத்தை உண்டாக்கினார்கள். அதன் பிறகு பிரவுன் லெகார்னிலிருந்து லெக்பார் வந்தது. இவற்றில் சேவலுக்கு வரி மரபணு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. பழுப்புக் குஞ்சின் முதுகுக் கோடுகள் பெட்டையில் பளிச்சென்று இருக்கும். சேவலில் வெளிறி, கலங்கி, தலைப்பொட்டு பெரிதாகப் படர்ந்திருக்கும். லெக்பாரை லெக்பாரோடு சேர்த்தால் எத்தனை தலைமுறை போனாலும் இந்த வேறுபாடு மாறாது. பிளிமத் ராக்கிலும் இதே கணக்குதான், ஆனால் கருப்பு உடம்பில் பொட்டின் அளவை மட்டும் நம்ப வேண்டியிருப்பதால் தவறு நேரும். அடிநிறம் பழுப்பாக இருப்பதில்தான் சூட்சுமம்.

இந்த வேறுபாடு தெரியாமல் கலப்புக் குஞ்சை "இனம்" என்று வாங்கி, அதிலிருந்து தாய்க்கோழி எடுக்க நினைப்பவர் ஏமாந்துபோவார். அதனால் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும், இரண்டின் உறவும் சொல்லிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு: ஆட்டோசெக்சிங் இனத்துக்குப் பால்தெரி இனம், செக்ஸ்லிங்குக்குப் பால்தெரி கலப்பு.

நிறம்பிரி ஏன் வேண்டாம் என்றால், எல்லாக் கலப்பும் நிறத்தில் பிரிவதில்லை. சிறகு வேகமாக முளைக்கும் சேவலை மெதுவாக முளைக்கும் பெட்டையோடு சேர்த்தால், பெட்டைக் குஞ்சுக்குச் சிறகு முந்திக்கொண்டு நீளும். அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை. பால்தெரி இரண்டையும் தாங்கும்.

பால் என்றால் கறக்கிற பாலாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கோழிப்பண்ணைப் பேச்சில் அந்தக் குழப்பம் வராது. ஆண்பால், பெண்பால் எல்லோர் நாக்கிலும் இருக்கிறது. ஆனால் பிரிக்கும் வேலைக்கு "பால்பிரிப்பு" என்று வைத்தால் கட்டாயம் மாட்டு வாசனை அடிக்கும். அதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை, "சேவல் பெட்டை பிரித்தல்" என்று ஊரில் சொல்வதையே எழுதுவோம்.

அதேபோல் "புல்லட்" என்பதற்கு இளம்பெட்டைக்கோழி என்ற பரிந்துரையும் வேண்டாமே. முட்டையிடத் தொடங்காத பெட்டைக்கு விடைக்கோழி, பேச்சில் வெடக்கோழி, என்ற சொல் உயிரோடு இருக்கிறது.

பழைய புணர்ச்சிப்படி பால்தெரி என்பதன் உருவம் மாற வேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லக்கூடும். பண்ணைக்காரர் முதல் பார்வையில் படித்துவிட வேண்டும் என்பதால் இயல்பாகவே விடுவோம் என்பது என் கருத்து. மாற்றுச் சொல் இருப்பவர்கள், அது இனத்துக்கும் கலப்புக்கும் பொருந்துகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.