ஆப்பிள் பை உள்ள கூழாயிருது, எந்த ஆப்பிள் வாங்கணும்?

அனுப்பானடி_அடுப்பு:
ரெண்டு தடவை ஆப்பிள் பை (மாவுக்குள்ள ஆப்பிள் துண்டு வச்சு மூடி ஓவன்ல சுடுற பண்டம்) போட்டுப் பாத்துட்டேன், மேல மாவு நல்லா பொன்னிறமா வருது ஆனா வெட்டுனா உள்ள ஒரு துண்டு ஆப்பிள் இல்ல, அம்புட்டும் கூழு, அடி மாவு நனைஞ்சு கரண்டியால வழிக்க வேண்டியதாப் போச்சு. சிம்மக்கல் பக்கம் வாங்குன செக்கச்செவேல்னு இருக்குற ஆப்பிள்தான். பச்சை ஆப்பிளும் இருந்துச்சு, வெலை கூட. அத வாங்குனா சரியாகுமா, இல்ல என் கைப்பக்குவம்தான் தப்பா? ஞாயித்துக்கெழம மக பிறந்தநாளு, அவ ஆசையா கேட்டா.

வில்லாபுரம்_ஓவன்:
அக்கா, பழத்த தலைகீழா திருப்பிப் பாருங்க, அடியில அஞ்சு முண்டு இருந்தா அது ரெட் டெலிஷியஸ் வகை. கடிச்சுத் திங்க அருமை, சூட்டுல நிக்காது. பச்சை வாங்குங்க, அது கிரானி ஸ்மித், சிட்னி பக்கம் 1868 வாக்குல மரியா ஆன் ஸ்மித்னு ஒரு பாட்டி தோட்டத்துல தானா மொளச்சது, அதான் அந்தப் பேரு. நல்ல புளிப்பு, கெட்டியான சதை, துண்டு துண்டாவே நிக்கும்.

அனுப்பானடி_அடுப்பு:
ஆமா தம்பி, அஞ்சு முண்டு இருக்கு! ஆனா போன அக்டோபர்ல இதே பழத்துல கேசரி செஞ்சப்ப இப்படி கரையலையே?

பழங்காநத்தம்_பெரியம்மா:
அக்டோபர்ல வந்தது காஷ்மீர்ல அப்பத்தான் பறிச்ச பழம்மா. இப்ப மே மாசம் கெடைக்கிறது மாசக்கணக்கா குளிர்கிடங்குல கெடந்தது, வெளிய பளபளன்னு இருக்கும் உள்ள மாவாயிருக்கும். பழத்துல செல்ல ஒட்ட வச்சிருக்கிறது பெக்டின், நாள்பட்டா அது தளந்துரும், புளிப்பு இருந்தா சூட்டுல சீக்கிரம் கரையாது. நான் ஆர்டருக்கு பை போடறவ, எந்தப் பழம்னாலும் முதல்ல ஒண்ணு மட்டும் வாங்கி, அரை விரல் கனத்துல நறுக்கி கொஞ்சூண்டு வெண்ணெயில மூடி போட்டு அஞ்சாறு நிமிசம் வச்சுப் பாப்பேன். துண்டு நின்னா ஒரு கிலோ வாங்கு, மசிஞ்சா அல்வாவுக்கு ஆகும். அடி நனையுறதுக்கு வேற காரணம், பழத்துலருந்து வடியுற தண்ணி, அத பச்சை ஆப்பிளும் தீர்க்காது. நறுக்குன ஒரு கிலோவுக்கு 100 கிராம் சீனி, ரெண்டு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு போட்டுப் பெரட்டி ஒரு மணி நேரம் வடிதட்டுல வையி, வடியுற தண்ணிய தனியா சுண்டக் காச்சி பாகு பதத்துல, ரெண்டு ஸ்பூன் கார்ன்பிளவர் பெரட்டுன பழத்தோட சேத்துரு. ஓவன்ல கீழ்த்தட்டுல வையி, 200 டிகிரியில இருபது நிமிசம், அப்புறம் 180ல நாப்பது. மேல மாவுல கீறுன ஓட்டை வழியா சாறு கெட்டியா கொதிச்சு வரணும், அதுக்கு முன்னாடி எடுத்துராத. நம்மூரு வெக்கைக்கு மாவையும் வெண்ணெயையும் பிசையுறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ்ல வச்சிரு.

வில்லாபுரம்_ஓவன்:
பச்சை மட்டும்னா புளிப்பு தூக்கலா இருக்கும்க்கா, கோல்டன் டெலிஷியஸ்னு மஞ்ச ஆப்பிள் கெடச்சா பாதிக்குப் பாதி கலந்துக்கங்க, அது வெந்தாலும் ஓரளவு நிக்கும், மணமும் நல்லாருக்கும். கொடைக்கானல் பேரிக்கா சீசன்ல கெட்டியான நாட்டுக்காயா பாத்து கால் பங்கு சேக்கலாம், நான் செஞ்சுருக்கேன்.

அனுப்பானடி_அடுப்பு:
நேத்து போட்டுட்டேன் பெரியம்மா. கோல்டன் எங்கயும் கெடைக்கல, மாட்டுத்தாவணியில பச்சை ஒரு கிலோ வாங்கி வாணலில வச்சுப் பாத்தேன், நின்னுச்சு. வடிஞ்ச தண்ணி மட்டும் முக்கால் டம்ளர் இருந்துச்சு, அம்புட்டும் போன ரெண்டு தடவையும் உள்ளயே போயிருக்கு. அடி மாவு மொறுமொறுன்னு தூக்குச்சு, மக ரெண்டு துண்டு சாப்ட்டா. சீனி மட்டும் இன்னும் 20 கிராம் கூட்டிருக்கலாம்.