வணிகச் சட்ட அறிமுகப் பாடம் எங்கிருந்து தொடங்க வேண்டும்: ஆங்கில வழக்குகளிலிருந்தா, நம் கட்டளைச் சட்டங்களிலிருந்தா?

மாலைவகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

அனைவருக்கும் வணக்கம். பகலில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டு, மாலையில் கொழும்பிலுள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வணிக டிப்ளோமா படித்து வருகிறேன். வணிகச் சட்ட அறிமுகப் பாடத்தைத் திருத்தியமைப்பதற்காக எங்கள் பாடநெறிக் குழு மாணவர்களிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறது. நான் அனுப்பவிருக்கும் வரைவின் சாரம் இது: முதல் தவணையில் ஆங்கில வழக்குகளைக் குறைத்துவிட்டு, நம் நாட்டில் எழுத்தில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்களையும், ஒரு வியாபாரியின் மேசையில் அன்றாடம் புரளும் பற்றுச்சீட்டு, காசோலை, வாடகை ஒப்பந்தம் முதலிய ஆவணங்களையும் முதலில் கற்பிக்க வேண்டும்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தரப்பட்ட குறிப்பில், பிரதிபயன் (வாக்குறுதிக்குக் கைம்மாறாகக் கொடுக்கப்படுவது) இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்று எழுதப்பட்டிருக்கிறது. அது இங்கிலாந்தின் சட்டம். இலங்கையில் ஒப்பந்தத்தின் அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோமன் டச்சுச் சட்டம். நியாயமான காரணமொன்று இருந்தால் போதும், கைம்மாறாக எதையும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தார்மீகக் கடமையை நிறைவேற்றவோ தாராள மனத்தாலோ ஒருவர் தீர யோசித்துக் கொடுத்த வாக்குறுதியையும் இங்கே நீதிமன்றத்தில் நிறைவேற்றுவிக்கலாம் என்று, ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918 இலேயே, அக்காலத்தில் நம் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் தீர்ப்பளித்துவிட்டது. அப்படியிருந்தும் வகுப்பில் பாதிப் பேர் பரீட்சையில் பிரதிபயனையே எழுதுகிறார்கள்.

இது போதாதென்று, அமெரிக்கச் சமூகக் கல்லூரிகளுக்காக எழுதப்பட்ட ஓர் இலவசப் பாடநூல் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. 500 டொலர் அல்லது அதற்கு மேற்பட்ட விலையுள்ள பொருள் விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும் என்று அதில் படித்தவர்கள், அதையே இலங்கைச் சட்டம் என்று நம்பிவிட்டார்கள். அந்த நூலை நான் குறை சொல்லவில்லை. அங்குள்ள ஆசிரியர்கள் தங்கள் நாட்டு வணிகக் கோவையிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார்கள். நாமும் நம்முடையதிலிருந்து தொடங்கினால் என்ன என்பதே என் கேள்வி.

புதுக்கடைச் சட்டத்தரணி

தங்கச்சி, பிரதிபயனைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி; அந்தக் குறிப்பை உடனே திருத்த வேண்டும். ஆனால் குறிப்புப் பிழை என்பதற்காக வழக்குகளை வெளியே தள்ளுவதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். பிரிவு எண்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்த மாணவனுக்குச் சட்டம் மாறிய அன்றே படிப்பு தீர்ந்துவிடுகிறது. 1982 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பங்குக்கு முகப்புப் பெறுமதி (பங்கில் குறிக்கப்படும் நிலையான பெறுமதி) இல்லாமற்போனது. ஒரேயொரு பங்குதாரரோடும் கம்பனி அமைக்கலாம் என்றானது. அந்த மாற்றத்தில் ஆடிப்போகாமல் நின்றவர்கள், 1897 இன் சாலமன் வழக்கைப் படித்து, கம்பனி என்பது அதன் உரிமையாளரிலிருந்து வேறான ஓர் ஆள் என்பதைக் காரணத்தோடு விளங்கிக்கொண்டவர்களே.

எல்லோரும் பழையது என்று ஒதுக்கும் கார்லில் என்ற ஆங்கில வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் மருந்துப் புகை ஏற்றும் தன் புகைக்குண்டைச் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண் தருவதாக ஒரு கம்பனி விளம்பரம் செய்தது. காய்ச்சல் வந்த பெண் பணத்தைக் கேட்டபோது, அது விளம்பரத்துக்காகச் சொன்ன வெறும் பேச்சு என்று கையை விரித்தது. நீதிபதிகள் அந்த விளம்பரத்தை வரிவரியாகப் படித்தார்கள். தங்கள் உண்மையான எண்ணத்துக்குச் சான்றாக 1,000 பவுண் வங்கியில் வைப்பிலிடப்பட்டிருக்கிறது என்று கம்பனியே அதில் அச்சிட்டிருந்தது. அந்த ஒரு வாக்கியம் கம்பனியின் வாதத்தை உடைத்துவிட்டது. ஓர் ஆவணத்தில் எந்தச் சொல் பாரம் தாங்குகிறது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தை எந்தக் கட்டளைச் சட்டமும் நேரடியாகக் கற்றுத்தராது.

மேலும், ஆங்கிலச் சட்டம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பங்குடைமை (பங்காளிகளின் கூட்டு வியாபாரம்), வங்கித்தொழில், முகவராண்மை (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்படுவது), காப்புறுதி போன்றவற்றில் ஆங்கிலச் சட்டத்தையே நமக்குச் சட்டமாக்கியிருக்கிறது.

பழைய சோனகத் தெரு இரும்புக்கடை

சட்டத்தரணி தம்பி சொல்வது படிப்பாளிகளுக்குப் பொருந்தும். மாலை வகுப்புக்கு வருபவர்களில் பலர் என்னைப் போன்ற கடைக்காரரின் பிள்ளைகள், இல்லாவிட்டால் எங்கள் கடைகளில் கணக்கெழுதுபவர்கள். அவர்கள் முதலில் அறிய வேண்டியவை வேறு.

என் கடன் கொப்பியில் ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். இடப்பக்கம் திகதி, நடுவில் கம்பி, ஆணி, பெயின்ட் என்று சரக்கு விபரம், வலப்பக்கம் தொகை, அதற்குக் கீழே வாங்கியவர் வைத்த ஒரு கோணல் கையொப்பம். அந்தக் கையொப்பம் இருக்கும்வரை பணம் எங்கும் போகாது என்றே எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். விற்று ஒப்படைத்த சரக்கின் விலைக்கும் கடைப்பற்றுக் கடனுக்கும் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று, காலவரையறை பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், கடைக்கடனுக்கு ஒரே வருடம். வாடிக்கையாளரின் முகத்தை முறிக்க வேண்டாம் என்று இரண்டு பெருநாள் பொறுத்திருந்தவர் எந்த நிலையில் நிற்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கடை வாடகையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் மூன்று வருடத்துக்கென்று பேசி, சாதாரண தாளில் இருவரும் கையொப்பமிட்டு, பெருந்தொகை செலவழித்துத் தட்டுகள் அடித்தார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அந்தத் தாளை நம்பி மூன்று வருடத்தைக் கேட்க அவரால் முடியவில்லை. புகைக்குண்டு வழக்கை இவருடைய மகன் இரண்டாம் தவணையில் படிக்கட்டும். இந்த இரண்டையும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டும்.

பட்டயக் கணக்காளர் பரீட்சை மாணவன், வெள்ளவத்தை

எனக்கு ஒரு நடைமுறைக் கவலை இருக்கிறது. டிப்ளோமாவோடு நிற்காமல் தொழில்சார் பரீட்சைகளுக்குச் செல்பவர்கள் எங்களில் நிறையப் பேர். அங்கே விடையை வழக்கின் பெயரோடு எழுதினால்தான் மதிப்பு. அடிப்படைப் பாடத்தில் வழக்குகளைக் குறைத்தால் அடுத்த படியில் தடுமாறப் போவது நாங்களே.

புதுக்கடைச் சட்டத்தரணி

நானா, நீங்கள் சொன்ன இரண்டு விதிகளும் சரியானவை, அவசியமானவை. ஆயினும் அவற்றை அப்படியே பட்டியலாக ஒப்புவிக்கும் மாணவனைப் பார்த்து நான் அஞ்சுகிறேன். கொடுக்கல் வாங்கலில் கடன்காரர் இடையில் ஒரு பகுதியைச் செலுத்தியிருந்தால் அந்த ஒரு வருடம் எங்கிருந்து எண்ணப்படும்? கொப்பியிலுள்ள கையொப்பம் வெறும் வரவுக் குறிப்பா, எழுத்தில் கொடுத்த வாக்குறுதியா? இவற்றுக்கு விடை பிரிவுகளில் மட்டும் இல்லை, அவற்றுக்கு நீதிமன்றங்கள் கொடுத்த விளக்கத்தில் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு சட்டத்தரணியிடம் வராமலே விட்டுவிடுவது, ஒன்றும் தெரியாமல் நேரத்தோடு வருவதைவிட ஆபத்தானது.

வணிகச் சட்ட விரிவுரையாளர்

இந்தப் பாடத்தை மாலை வகுப்புகளில் நெடுங்காலமாகக் கற்பித்து வருபவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களுக்குக் கடினமாக இருப்பது வழக்கோ பிரிவோ அன்று. எந்த விடயத்துக்கு எந்தச் சட்டம் என்பதில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

கெய்சர் வீதியிலுள்ள ஒரு துணிக்கடையின் விற்பனைப் பிரதிநிதி வெளியூர்க் கடையொன்றில் ஓர் ஓடர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாளியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்பதற்கு, 1852 கட்டளைச் சட்டத்தின் வழியாக ஆங்கில முகவராண்மைச் சட்டம். ஒப்பந்தம் உருவாகிவிட்டதா என்பதற்கு உரோமன் டச்சுச் சட்டம். துணி சொன்ன தரத்தில் இருக்கிறதா என்பதற்கு 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பற்றுச்சீட்டின் அடியில் ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று முத்திரை குத்தியிருந்தால், நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பணத்துக்குக் காசோலை கொடுத்தால் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம். ஒரே கொடுக்கல் வாங்கல், ஒரே பிற்பகல், ஆனால் சட்டத்தின் ஊற்றுகள் இத்தனை.

ஆகவே ஆவணத்திலிருந்து தொடங்குவதில் நான் மாணவியின் பக்கமே நிற்கிறேன். ஆனால் அவருடைய வரைவில் ஒரு வரியை ஏற்க முடியாது. முகவராண்மையில் ஆங்கில வழக்குகளைக் குறைத்தால் நம் சட்டத்தையே குறைத்ததாகிவிடும்.

மாலைவகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

நன்றி மிஸ். வழக்குகளே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. வரிசை மாற வேண்டும் என்பதே. அது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். அண்மையில் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு வாடிக்கையாளரின் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அதனோடு இணைத்திருந்த சிறு துண்டில் ‘வரைந்தவரிடம் (காசோலையை எழுதிக் கொடுத்தவரிடம்) விசாரிக்கவும்’ என்று மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸில் முறையிடலாமா, குடியியல் வழக்குப் போட வேண்டுமா, மீண்டும் வங்கியில் இடலாமா என்று முகாமையாளர் என்னிடம் கேட்டார், சட்டம் படிக்கும் பிள்ளை என்பதால். கணக்கில் பணமில்லை என்று அறிந்துகொண்டே காசோலை வரைவது, கடன் அறவிடுதல் பற்றிய 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். அந்த ‘அறிந்துகொண்டே’ என்பதை நிரூபிக்க வேண்டும் என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காசோலையின் வரைவிலக்கணத்தையும் குறுக்குக் கோடுகளின் வகைகளையும் படம் வரைந்து மனனம் செய்திருந்த எங்கள் வகுப்பு, அந்தத் துண்டை ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. வழக்கின் பெயரை எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது உண்மை. அந்த வழக்கு இங்கே செல்லுபடியாகும் விடயமா என்று தெரிந்து எழுதினால் அந்தப் புள்ளி உங்களுக்கு உறுதியாகும்.

புதுக்கடைச் சட்டத்தரணி

தங்கச்சி, உங்கள் முதல் பதிவையே மீண்டும் படித்துப் பாருங்கள். இங்கே பிரதிபயன் தேவையில்லை என்பதை நீங்கள் எதைக் கொண்டு நிறுவினீர்கள்? எந்தக் கட்டளைச் சட்டத்திலும் அது இல்லை. 1918 இன் ஒரு தீர்ப்பைக் கொண்டே நிறுவினீர்கள். நம் ஒப்பந்தச் சட்டத்தின் பெரும்பகுதி எழுதப்பட்ட சட்டத்தில் இல்லை, தீர்ப்புகளில்தான் வாழ்கிறது. அப்படியானால் முதல் தவணையில் நீதிமன்றத்தின் குரல் மாணவர் காதில் விழாமல் எப்படி ஒப்பந்தத்தைக் கற்பிப்பது?

இங்கிலாந்து வழக்கிலும் நம் மண் இருக்கலாம் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். சட்டத்தால் கட்டுண்ணும் எண்ணம் இல்லாத இடத்தில் ஒப்பந்தமும் இல்லை என்பதற்கு உலகமெங்கும் காட்டப்படும் 1919 இன் பல்ஃபர் வழக்கில், கணவர் இலங்கையில் நீர்ப்பாசனப் பணிப்பாளராக இருந்தவர். உடல்நலம் குன்றி இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுண் அனுப்புவதாக அவர் சொன்ன வார்த்தையே வழக்கானது. அது குடும்பத்துக்குள் சொன்ன வார்த்தை, ஒப்பந்தம் அன்று என்று அங்கே மனைவி தோற்றார். அதே வாக்குறுதி கொழும்பில் கொடுக்கப்பட்டு இங்கே வழக்காகியிருந்தால் உரோமன் டச்சுச் சட்டம் என்ன சொல்லியிருக்கும் என்று மாணவர்களை வாதிட வைத்துப் பாருங்கள். பிரதிபயன் இல்லை என்ற வாதம் இங்கே விழுந்துவிடும். கட்டுண்ணும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கும். ஆங்கிலச் சட்டத்துக்கும் உரோமன் டச்சுச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வகுப்பிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும்.

பழைய சோனகத் தெரு இரும்புக்கடை

தம்பி, இது நல்ல வகுப்பு, நானே வந்து இருப்பேன். ஆனால் இதே போன்ற ஒரு வகுப்பைப் பங்குடைமைக்கும் ஒதுக்குங்கள். 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலோடு தொடங்கும் பங்குடைமை எழுத்தில் இல்லாவிட்டால் பங்காளிகள் அதைக் கொண்டு ஒருவர்மேல் ஒருவர் வழக்காட முடியாது. ஆனால் வெளியார் அவர்கள்மேல் வழக்காடலாம். இன்று 1,000 ரூபாவுக்குக் கடைப் பலகைகூட எழுத முடியாது. நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் ஒவ்வொரு கடையும் இந்த விதிக்குள் வருகிறது.

மாலைவகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

வரைவை இப்படி மாற்றி அனுப்புகிறேன். முதல் தவணையின் ஒவ்வொரு அலகும் ஓர் ஆவணத்திலிருந்து தொடங்கும்: பற்றுச்சீட்டு, திரும்பிய காசோலை, குத்தகை உறுதி, பங்குடைமை ஒப்பந்தம். அடுத்து அதற்குரிய கட்டளைச் சட்டம். அதன்பின் வழக்குகள், ஒப்பந்த அலகில் 1918 தீர்ப்பும் பல்ஃபர் வழக்கும் சேர்த்தே படிக்கப்படும், முகவராண்மையில் ஆங்கில வழக்குகள் குறைக்கப்படமாட்டா. கார்லிலை இரண்டாம் தவணைக்குத் தள்ளியிருக்கிறேன்.

புதுக்கடைச் சட்டத்தரணி

கடைசி வரியைத் தவிர மற்றவற்றுக்கு என் ஆதரவு உண்டு. விளம்பரமும் ஓர் ஆவணம்தான்; புறக்கோட்டையில் கடைக்குக் கடை ஒட்டப்பட்டிருக்கும் கழிவு விலை அறிவித்தல்களைப் படிக்க முதல் தவணையிலேயே கார்லில் வேண்டும். இதைக் குழுவுக்கு என் பெயரில் தனியாக எழுதி அனுப்புகிறேன். இரண்டு கடிதங்களையும் அவர்கள் சேர்த்துப் பார்க்கட்டும்.