'டுவெல்' என்பதற்குத் தமிழில் என்ன? பாயிண்ட் பற்றவைப்பு கொண்ட பழைய அமெரிக்கக் கார்கள் குறித்து

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களை வீட்டுக் கொட்டகையிலேயே சீரமைப்பவர்களுக்கான சொற்பட்டியலில் பற்றவைப்புப் பகுதி முடியும் நிலையில் இருக்கிறது. கன்டென்சருக்கு மின்தேக்கி, ஸ்பார்க் பிளக்குக்குத் தீப்பொறிச் செருகி என்று பெரும்பாலானவை தாமாகவே அமர்ந்துவிட்டன. 'டுவெல்' (dwell, தங்குதல்) மட்டும் இடறுகிறது.

பொருள் தெரியாதவர்களுக்காக, 1960களின் ஷெவ்ரலே 327 வி8 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எட்டு முனையுள்ள கேம் சுழல்கிறது. ஒவ்வொரு முனையும் பாயிண்ட் எனும் மின் ஸ்விட்சின் தேய்கட்டையைத் தள்ளும்போது பாயிண்ட் திறக்கிறது, காயில் எனும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் அறுகிறது, பொறி பிறக்கிறது. முனை கடந்ததும் ஸ்பிரிங் பாயிண்டை மூட, காயிலுக்குள் மறுபடி மின்னோட்டம் ஏறுகிறது. 360 பாகையை எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 45 பாகை. அதில் ஏறக்குறைய 30 பாகை பாயிண்ட் மூடியே இருக்கும், மீதி 15 பாகை திறந்திருக்கும். அந்த 30தான் டுவெல். இந்த எஞ்சினுக்கு 28 முதல் 32 வரை ஏற்கத்தக்கது.

'தங்குகோணம்' என்று போட்டுவைத்திருக்கிறேன். அகராதிப்படி சரிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. எது தங்குகிறது, எங்கே தங்குகிறது என்று அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. கருத்துச் சொல்லுங்கள்.


மடல் 2

> எது தங்குகிறது, எங்கே தங்குகிறது

உங்கள் தயக்கம் நியாயமானது. இயந்திரப் பொறியியலில் கேம் சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் ஏறி இறங்கும் தண்டு அசையாமல் நிற்கும் பகுதிக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். துளையிடும் இயந்திரம் துளையின் அடியில் சற்று நிற்பதற்கும் இதே சொல். 'தங்கல்' அந்த இரண்டுக்கும் பொருந்தும். பாயிண்டுக்குப் பொருந்தாது. ஆங்கிலம் ஒரே சொல்லில் மூன்றைத் திணித்திருக்கிறது என்பதற்காக நாமும் திணிக்க வேண்டியதில்லை.

'சேர்கோணம்' என்று நினைத்துப் பார்த்தேன். பாயிண்டின் இரண்டு முனைகளும் சேர்ந்திருக்கும் கோணம். ஆனால் மேனிலைப் பள்ளி இயற்பியலில் பரப்பு இழுவிசைப் பாடத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே குடியிருக்கிறது. 'தொடுகோணம்' என்றால் வடிவியலின் தொடுகோடு குறுக்கே வரும். 'இணைகோணம்' என்றால் இணைகரம். நல்ல சொற்களையெல்லாம் யாராவது முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

'ஒட்டுகோணம்' எப்படி?


மடல் 3

ஒட்டுகோணம் வேண்டாம். பாயிண்ட் 'ஒட்டிக்கொண்டது' என்றால் பட்டறையில் அது பழுதின் பெயர். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் நீண்ட நேரம் திறந்துவைத்து, அந்த நேரம் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், காயில் சூடேறும், முனைகள் கருகும், சில சமயம் ஒன்றோடொன்று பற்றியும் கொள்ளும். அளவுக்கும் பழுதுக்கும் ஒரே வேர் இருந்தால் குழப்பம்தான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அம்பாசடரிலும் பழைய என்ஃபீல்டிலும் 'சி.பி. பாயிண்ட்' என்றே சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. அங்கே டுவெல் என்ற பேச்சே பெரிதாக வந்ததில்லை, ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டைப் பாயிண்ட் முனைகளின் இடைவெளியில் வைத்து கேப் பார்ப்பதோடு சரி. புழங்காத ஒன்றுக்குப் புதுச்சொல் எதற்கு? 'டுவெல்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே?


மடல் 4

> கேப் பார்ப்பதோடு சரி

சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் இந்தச் சொல் தமிழில் தேவை என்கிறேன்.

கேப்பும் டுவெலும் எதிரெதிர்த் திசையில் நகர்பவை. கேப்பைக் குறைத்தால் பாயிண்ட் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். ஆகவே டுவெல் கூடும். 'டுவெல் 34 வருகிறது, கூடுதல்' என்று படித்ததும் 'கேப் கூடுதல் போலிருக்கிறது' என்று எண்ணி இன்னும் குறைப்பவர்கள் உண்டு. டுவெல் 36, 38 என்று ஏறும். முனைகளுக்கிடையே பொறி பறந்து கருகத் தொடங்கும். அந்தச் சொல்லிலேயே 'மூடியிருக்கும் அளவு' என்பது தெரிந்தால் இந்தத் தவறு நேராது. பெயர் படித்ததும் கை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிய வேண்டும். என் ஒரே நிபந்தனை அது.

ஃபீலர் கேஜ் மட்டும் போதாததற்கும் காரணம் உண்டு. ஓடிய பாயிண்டில் ஒரு முனையில் மேடும் மறுமுனையில் குழியும் விழுந்திருக்கும். பெரும்பாலும் மின்தேக்கியின் அளவு பொருந்தாததால் வருவது அது. ஷெவ்ரலேயின் டெல்கோ டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.18 முதல் 0.23 மைக்ரோஃபாரட் வேண்டும். தட்டையான கேஜ் மேட்டின் தலையில்தான் தொடும், குழியின் ஆழம் அதற்குத் தெரியாது. 0.016 அங்குலம் என்று நாம் நினைப்பது உண்மையில் அதைவிட அதிகமாக இருக்கும். டுவெல் மின்சாரம் ஓடும் பங்கை நேரடியாக அளக்கிறது, மேடு பள்ளம் அதை ஏமாற்றாது. புதுப் பாயிண்டுக்கு டெல்கோ 0.019 அங்குலமும் ஓடியதற்கு 0.016 அங்குலமும் சொல்வது, தேய்கட்டை முதல் சில நூறு மைல்களில் படிந்து கேப் சுருங்கும் என்பதால்.

என் பரிந்துரை 'மூடுகோணம்'. ஜெர்மானியரும் 'ஷ்லீஸ்விங்கல்' என்கிறார்கள், மூடும் கோணம் என்றே பொருள். அவர்களைப் பார்த்து எழுத வேண்டும் என்பதில்லை. பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தால் இங்கேதான் வந்து சேரும் என்பதற்காகச் சொன்னேன். அமெரிக்கக் கையேடுகள் சிலவற்றில் இதையே 'கேம் ஆங்கிள்' என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பட்டியலில் குறிப்பது நல்லது.


மடல் 5

மூடுகோணம் காதுக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு ஐயங்கள்.

ஒன்று, 'மூடு' என்பது மூடும் செயலைக் குறிக்கிறதா, மூடிய நிலையையா? நமக்கு வேண்டியது நிலை. 'மூடிருப்பு' என்றால் நிலை தெளிவாகிவிடுமே. மூடிருப்புக் கோணம், மூடிருப்பு நேரம், மூடிருப்புமானி என்று கிளையும் விடும்.

இரண்டு, இன்றைய இளைஞருக்கு 'மூடு' என்றால் மனநிலை. இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.


மடல் 6

மூடிருப்பை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'மூடி இருப்பு' என்றுதான் கேட்கும். உதிரிபாகக் கடையில் போய்ச் சொன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எத்தனை கையிருப்பில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்வார்கள்.

மூடுகோணம் வினைத்தொகை. மூடிய, மூடுகிற, மூடும் கோணம் என மூன்று காலமும் உள்ளே அடக்கம். ஊறுகாய் என்றதும் ஊறிக்கொண்டிருக்கும் காயா, ஊறி முடிந்த காயா என்று யாரும் கேட்பதில்லை. வினைத்தொகை என்பதால் நடுவே ஒற்றும் மிகாது, 'மூடுக்கோணம்' என்று எழுதிவிட வேண்டாம். மீதி 15 பாகைக்கு 'திறகோணம்' என்று இணை கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கென்று புழக்கமான தனிச்சொல் இல்லை, நமக்கு இலவசமாக வருகிறது.


மடல் 7

திறகோணம் இலவசம் மட்டுமல்ல, தேவையும்கூட.

இப்போது பலரிடம் டுவெல் மீட்டர் இல்லை. மல்டிமீட்டரின் விழுக்காட்டு அளவையில் பார்க்கிறார்கள். காயிலின் எதிர்மின் (−) முனைக்கும் கார் உடலின் எர்த்துக்கும் இடையே இணைத்தால், 30 பாகைக்கு 30/45, அதாவது 67 விழுக்காடு வர வேண்டும். சில மீட்டர்கள் 33 என்று காட்டும். பதற வேண்டாம். பாயிண்ட் மூடியிருக்கும்போது அந்த இடத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழி, திறந்திருக்கும்போதுதான் உயர்கிறது. மீட்டர் உயர்ந்திருக்கும் பங்கை எண்ணுகிறது. அதாவது அது காட்டுவது திறகோணம். 100இலிருந்து கழித்தால் போதும். ஆனால் எச்சரிக்கை: பாயிண்ட் திறக்கும் கணத்தில் அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். அதைத் தாங்கும் மீட்டராக இருக்க வேண்டும், மலிவானது போய்விடும்.

பழைய டுவெல் மீட்டரில் 8 சிலிண்டர் அளவுகோல் இல்லையென்றால், 4 சிலிண்டர் அளவுகோலில் படித்துப் பாதியாக்கலாம். 60 காட்டினால் 30.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கோணம் ஏன் முக்கியம் என்பது அதில்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் 600 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது 30 பாகையைக் கடக்கச் சுமார் 17 மில்லிவினாடி. 5,000 சுற்றில் அதே 30 பாகைக்கு 2 மில்லிவினாடிதான். அதற்குள் காயிலில் மின்னோட்டம் போதுமான அளவு ஏற வேண்டும். மூடுகோணம் 24க்கு இறங்கிவிட்டால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது மிஸ்ஸிங் அடிக்கும். எரிபொருள் கோளாறு என்று எண்ணிக் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதே காரணத்தால் 'மூடுநேரம்' என்று தனியாக ஒரு சொல் வேண்டாம் என்று நினைக்கிறேன். கடை சாத்தும் நேரம் போல ஒலிக்கிறது. கோணம் நிலையானது, நேரம் வேகத்தோடு மாறுவது. வேண்டிய இடத்தில் விளக்கி எழுதலாம்.


மடல் 8 (மூன்றாம் மடல் எழுதியவர்)

கேப்பும் டுவெலும் எதிரெதிர் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 'டுவெல் என்றே விடலாம்' என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

புதுச்சொல்லை வழிமுறைக்குள் வைத்து எழுதிப் பார்த்தேன். சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க அதுதான் வழி.

'புதுப் பாயிண்டின் முனைகளில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, சுத்தமான அட்டையை முனைகளுக்கிடையே ஒருமுறை இழுத்து எடுக்கவும். எமரித்தாள் கூடாது, மணல் பதிந்துவிடும். கேமில் தீக்குச்சித் தலையளவு கிரீஸ் மட்டும். கூடினால் தெறித்து முனைகளில் படியும், தடவாவிட்டால் தேய்கட்டை விரைவில் தேய்ந்து மூடுகோணம் கூடிக்கொண்டே போகும்.

'எஞ்சினை ஓட்டி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலுள்ள உலோகச் சன்னலைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் கீயைச் செருகவும். வலப்பக்கம் திருப்பினால் மூடுகோணம் கூடும். 30 பாகையில் நிறுத்தவும். மீட்டர் இல்லையென்றால், எஞ்சின் தடுமாறத் தொடங்கும்வரை வலப்பக்கம் திருப்பி, அரைச் சுற்றுத் திரும்ப எடுக்கவும். சன்னலை மூட மறக்க வேண்டாம்.

'மூடுகோணத்தைச் சரிசெய்த பிறகே டைமிங் (பொறி பிறக்கும் கணம்). மூடுகோணம் 2 பாகை கூடினால் பாயிண்ட் 1 பாகை முன்னதாக மூடி, 1 பாகை பின்னதாகத் திறக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் 1 பாகை, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்கில் 2 பாகை. ஆக, மூடுகோணம் எத்தனை பாகை கூடுகிறதோ, கிராங்க் கணக்கில் டைமிங் அத்தனை பாகை பின்தங்கும். டைமிங் லைட் பிடிக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி வாயை அடைக்கவும்.

'ஐடிலிங்கிலிருந்து வேகத்தைக் கூட்டும்போது மூடுகோணம் 3 பாகைக்கு மேல் அலைந்தால் பாயிண்டைக் குறை சொல்ல வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் புஷ் தேய்ந்திருக்கிறது.'

'மூடுகோணம் கூடும்' என்ற இடத்தில் விளக்கம் எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எனக்குச் சம்மதம்.


மடல் 9

அப்படியானால் பட்டியலில் இப்படிப் பதிகிறேன்:

மூடுகோணம்: டிஸ்ட்ரிபியூட்டர் சுழற்சியில் ஒரு சிலிண்டருக்குரிய பங்கில் பாயிண்ட் மூடியிருக்கும் கோணம். திறகோணம்: மீதி. மூடுகோணமானி: டுவெல் மீட்டர்.


மடல் 10

ஒரு திருத்தம். 'பாயிண்ட் மூடியிருக்கும்' என்பதை 'காயிலின் மின்சுற்று மூடியிருக்கும்' என்று மாற்றுங்கள். இரண்டு காரணம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1975 மாடல்களில் பொதுவாகப் பொருத்திய மின்னணுப் பற்றவைப்பில் பாயிண்டே கிடையாது. ஆனால் டுவெல் உண்டு. உள்ளிருக்கும் மாட்யூல் அதை முடிவு செய்கிறது, வேகத்துக்கேற்ப மாற்றுகிறது, நம்மால் திருகி மாற்ற முடியாது. பாயிண்டைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தும் சீரமைப்பாளர்கள் நிறைய. அவர்களுக்கும் இந்தச் சொல் செல்ல வேண்டும். 'மூடிய சுற்று' பள்ளிப் பாடத்திலேயே இருக்கிற சொல், ஆகவே மூடுகோணம் அங்கேயும் பொருந்தும்.

அடுத்தது கிரைஸ்லரின் இரட்டைப் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர். இரண்டு பாயிண்டுகளும் பக்க இணைப்பில் இருப்பதால் எது ஒன்று மூடியிருந்தாலும் சுற்று மூடியதுதான். தனித்தனியே 27 முதல் 32 பாகை, சேர்ந்து 37 முதல் 42. உங்கள் வரையறைப்படி எந்தப் பாயிண்ட் என்ற கேள்வி வரும், சுற்று என்றால் வராது. தனி அளவை 'ஒற்றை மூடுகோணம்' என்றும் மொத்தத்தை 'கூட்டு மூடுகோணம்' என்றும் சொல்லலாம்.

அளக்கும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு பாயிண்டின் முனைகளுக்கிடையே உலர்ந்த அட்டையைச் செருகி அதை விலக்கிவைத்து மற்றதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு அட்டையை மாற்றிச் செருகி அடுத்தது. முடித்ததும் அட்டையை எடுத்துவிட்டுக் கூட்டு அளவைப் பார்க்க வேண்டும். எடுக்க மறந்தாலும் எஞ்சின் ஓடும், அதனால் ஓசையில் ஒன்றும் பிடிபடாது. மீட்டரில் 40 வர வேண்டிய இடத்தில் 30 வந்தால் அட்டை இன்னும் உள்ளே இருக்கிறது.